அமெரிக்காவில் வேலை விசாவில் இருந்தபடி சிறு விமானம் ஓட்டக் கற்கலாமா? மதுரை திரும்பிய பின் அந்த உரிமம் பயன்படுமா?

திருநகர் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன், வயது 39. நான் பணிபுரியும் மென்பொருள் நிறுவனம் என்னை ஹெச்-1பி விசாவில் அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு அனுப்ப இருக்கிறது. முதலில் மூன்று ஆண்டுகள், நீட்டிப்புக் கிடைத்தால் ஆறு ஆண்டுகள். அதன் பிறகு மதுரைக்கே திரும்பிவிட வேண்டும் என்பதில் நானும் என் மனைவியும் உறுதியாக இருக்கிறோம்.

அங்கே இருக்கும் காலத்தில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். இதைத் தொழிலாக்கும் எண்ணம் இல்லை. வார இறுதிப் பொழுதுபோக்கு என்ற அளவில்தான் ஆசை. விசாரித்த இடங்களிலெல்லாம் முன்னுக்குப்பின் முரணான பதில்களே கிடைக்கின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டவரை அங்கே விமானப் பயிற்சியில் சேர்ப்பதே இல்லை என்கிறார் ஒருவர். பணத்தைக் கட்டினால் மறுநாளே ஓட்டலாம் என்கிறார் இன்னொருவர். வேலை விசாவில் இருப்பவர் இத்தகைய பயிற்சியில் சேர்ந்தால் விசாவுக்கு ஏதேனும் சிக்கல் வருமா, மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பவற்றை அனுபவப்பட்டவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே பெறும் உரிமத்தை வைத்துக்கொண்டு, ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்பி, அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு யானைமலையையும் அழகர்மலையையும் ஒரு சுற்றுச் சுற்றி வர முடியுமா?

பிளேனோ உசிலைக்காரன்:

வணக்கம் நண்பரே. எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இப்போது டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறேன். ஹெச்-1பி விசாவில் இருந்தபடியேதான் நானும் பி.பி.எல். எனப்படும் தனிப்பயன் விமானி உரிமத்தைப் பெற்றேன். ஆகவே பயிற்சி, விசா, செலவு பற்றிய கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

வெளிநாட்டவர் கற்கத் தடை இல்லை, ஆனால் மறுநாளே ஓட்டவும் முடியாது. இடையில் டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சரிபார்ப்பு இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் அல்லாத எவரும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் உட்பட, முதல் விமானி உரிமத்துக்கான பறப்புப் பயிற்சியைத் தொடங்கும் முன் இந்தச் சரிபார்ப்பை முடித்தாக வேண்டும். பின்னாளில் கருவிவழிப் பறத்தலுக்கோ (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே ஓட்டுவது) இரட்டை எஞ்சின் விமானத்துக்கோ பயிற்சி பெற விரும்பினாலும் இது தேவைப்படும். டி.எஸ்.ஏ. தளத்தில் கணக்குத் தொடங்கி, கடவுச்சீட்டு, விசா முதலிய ஆவணங்களை ஏற்றி, கட்டணம் செலுத்தி, கைரேகை கொடுத்த பின்னர் ஒப்புதல் வரும். 2024 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி அந்த ஒப்புதல் ஐந்து ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டியதில்லை, ஏனெனில் வகுப்பறைப் பாடங்களுக்கு இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. வானிலை, வரைபடம், வான்வெளி வகைகள், விதிமுறைகள் ஆகியவற்றைப் படித்து, 60 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வுக்கு முன்கூட்டியே தயாராகிவிடலாம். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு போதும். பயிற்சிப் பள்ளிகள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் அறிமுகப் பறப்புக்கும் தடை இல்லை. பயிற்றுநரின் அருகில் அமர்ந்து அரை மணி நேரம் மேலே போய் வந்தால், இந்த ஆசை நிலைக்குமா, இரண்டாம் வாரத்திலேயே கரைந்துவிடுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டிவிட வேண்டாம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டும் பள்ளிகள் உண்டு, அவற்றில் சில மூடப்பட்டு மாணவர்களின் பணம் முடங்கிய கதைகளும் உண்டு. அந்தந்த நாள் பறப்புக்கு அந்தந்த நாளே பணம் வாங்கிக்கொள்ளும் பள்ளியைத் தேடுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, ஹெச்-1பி வைத்திருப்பவர் தம் வேலையை முறையாகச் செய்துகொண்டு பகுதி நேரமாக எதைக் கற்பதற்கும் தடை இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது பணம் உங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதைத்தான். பி.பி.எல். வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்கக் கூடாது என்பது எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி, வேலை கொடுத்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் சம்பாதிக்கக் கூடாது என்பது விசா விதி. நண்பர்களோடு போகும்போது எரிபொருள், எண்ணெய், விமான வாடகை, நிலையக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் பங்கிட்டுக்கொள்ளலாம், அதிலும் உங்கள் பங்கு மற்றவர்களின் பங்கைவிடக் குறையக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் நால்வர் சேர்ந்தால் 'நீதானே ஓட்டுகிறாய், உன் பங்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்' என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சட்டப்படி குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறப்பு வேண்டும். நடைமுறையில் வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்களில் பெரும்பாலோருக்கு 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்த அளவில் செஸ்னா 172 வகை விமானத்தின் வாடகை எரிபொருளோடு சேர்த்து மணிக்கு 150 முதல் 200 டாலர் வரை இருக்கிறது. பயிற்றுநர் ஊதியம் தனி. மருத்துவச் சோதனை, காதில் மாட்டும் ஒலிக்கருவி, தேர்வாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 15,000 முதல் 20,000 டாலர் வரை ஒதுக்கி வைப்பது நல்லது. வாரம் இருமுறையாவது பறக்க முடியாத மாதங்களில் தொடங்காதீர்கள். இடைவெளி விழுந்தால் கற்றது மறந்து, அதே பாடத்துக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரும்.

சொந்தமாக ஒரு பழைய விமானம் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். அமெரிக்கப் பதிவெண்ணில் தனிநபர் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்புரிமையோ வேண்டும். ஹெச்-1பி போதாது. அறக்கட்டளை ஒன்றின் வழியாகப் பதிவு செய்யும் முறை இருந்தாலும், வாரம் ஒருநாள் பறப்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வாடகை விமானமோ பறப்புக் கழக உறுப்பினர் நிலையோ போதும்.

மதுரையில் பறப்பது பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. இக்குழுவில் மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியிலிருந்து எழுதும் ஐயா வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

பெருங்குடி ஓய்வாளர்:

அழைத்ததற்கு நன்றி தம்பி. நான் விமானக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மதுரையில் பறப்பது பற்றிய திருநகர் தம்பியின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: அமெரிக்க உரிமத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதுரையில் அப்படிப் பறக்க முடியாது. உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொண்டால் சட்டம் இடம் கொடுக்கும். ஆனால் அப்போதும், நீங்கள் டெக்சாஸில் பழகிவிட்டு வரும் பறத்தல் இங்கே கிடைக்காது.

முதலில் உரிமம். இந்தியாவில் வி.டி. என்று தொடங்கும் பதிவெண் கொண்ட விமானத்தை ஓட்ட டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். வெளிநாட்டு உரிமத்தை மாற்றிக்கொள்ள விரும்புபவர் இந்திய விதிமுறைகளில் தேர்வு எழுத வேண்டும், இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று பெற வேண்டும், வானொலித் தொலைபேசி உரிமம் பெற வேண்டும், அண்மைக் காலத்தில் பறந்ததற்கான சான்றும் காட்ட வேண்டும். உரிமம் உண்மையானதுதானா என்பதை வழங்கிய நாட்டிடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். இவை எதுவும் முடியாத காரியம் அல்ல. ஆண்டுதோறும் எத்தனையோ இளைஞர்கள் வெளிநாட்டில் 200 மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமத்தை இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு திரும்புவதால் உங்களுக்கு ஒரு படி குறைவு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பின் வருபவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதலும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது விமானம். டல்லாஸில் மணிக்கணக்கில் வாடகைக்கு விமானம் கிடைப்பது போல இங்கே கிடைப்பதில்லை. நம் நாட்டில் சிறு விமானங்கள் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளிடம் இருக்கின்றன, அவை வணிக விமானி ஆகப்போகும் மாணவர்களுக்கே நேரம் போதாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. பெங்களூர் ஜக்கூரில் அரசுப் பள்ளி இருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகே தோட்டிலோவன்பட்டியில் உள்ள ஓடுபாதையில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயன்று வருகிறது. அது வந்தால் மதுரைக்காரர்களுக்கு இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்துக்குள் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். கானாடுகாத்தான் பக்கத்திலும் கயத்தாற்றிலும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதைகள் பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது சிறு விமானங்களுக்கென்று செப்பனிட்டிருந்தால் இந்தக் கேள்விக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன், ஆனால் அந்த ஆதங்கத்தை இங்கே விரித்துப் பயனில்லை.

சொந்தமாக வாங்கலாம் என்றால், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. எரிபொருளும் ஒரு தலைவலிதான். செஸ்னா போன்ற பெட்ரோல் எஞ்சின் விமானங்களுக்கு அவ்காஸ் என்ற தனி எரிபொருள் தேவை. பெரிய விமானங்களுக்கு நிரப்பும் ஏ.டி.எஃப். அவற்றுக்கு ஆகாது. 2022 வரை அவ்காஸை முழுவதும் இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம், அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. எல்லா நிலையங்களிலும் கேட்டவுடன் கிடைக்கும் பொருள் அல்ல அது. டைமண்ட் டி.ஏ.40 விமானத்தின் டீசல் வகை மாதிரி ஏ.டி.எஃப்.பிலேயே ஓடுபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதாக நடைமுறை. அமெரிக்காவில் நல்ல வானிலையில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு நிலையத்திலிருந்து பறப்புத் திட்டமே கொடுக்காமல் கிளம்பிவிடலாம் என்பதை நீங்கள் அங்கே போய்ப் பார்ப்பீர்கள். இங்கே மதுரையில் நீங்கள் கிளம்ப வேண்டுமானால் பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும், பறப்புத் தகவல் மையத்தின் எண் வாங்க வேண்டும், விமானப் படையிடமிருந்து வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் சோதனையைத் தாண்டித்தான் விமானம் நிற்குமிடத்துக்கே போக முடியும், அதற்கும் நுழைவு அனுமதி அட்டை வேண்டும். கண்பார்வை விதிகளின் கீழ், அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து ஓட்டும் முறையில், இரவில் பறப்பதற்குப் பொதுவாக இடமில்லை. மேலிருந்து படம் எடுப்பதற்கும் டி.ஜி.சி.ஏ.வின் முன் அனுமதி வேண்டும் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அப்படியே ராமேசுவரம் பக்கம் போய் வரலாம் என்று நினைத்தால், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருக்கிறது; அந்த வான்வெளியில் கடற்படையைக் கேட்காமல் நுழைய முடியாது.

இவ்வளவையும் சொல்வது உங்கள் ஆசையைக் கெடுப்பதற்காக அல்ல. கற்றுக்கொள்ளுங்கள், அங்கே இருக்கும் ஆண்டுகளில் ஆசை தீரப் பறந்துகொள்ளுங்கள். மதுரைக்குத் திரும்பிய பின் பறப்பதற்காக அங்கே கற்கிறேன் என்ற கணக்கில் மட்டும் பணத்தைப் போடாதீர்கள்.

தெற்குவாசல் காப்பீட்டு முகவர்:

இடையில் ஒரு செய்தி. திருநகர் நண்பர் இங்கே எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டுப் பத்திரங்களைக் கிளம்பும் முன் ஒருமுறை எடுத்துப் படித்துவிட வேண்டும். விபத்து மரணத்துக்கான கூடுதல் இணைப்புகள் பெரும்பாலானவற்றில், கட்டணம் செலுத்திய பயணியாகப் போவதைத் தவிர வேறு எந்த வகையில் வானில் பறந்தாலும் இழப்பீடு கிடையாது என்ற விலக்கு இருக்கும். ஆயுள் காப்பீட்டிலும் புதிதாக எடுப்பவரிடம் பறப்புப் பொழுதுபோக்கு உண்டா என்று கேள்வித்தாளிலேயே கேட்கிறார்கள். மறைத்தால் குடும்பம்தான் பின்னால் அலைய வேண்டியிருக்கும். அமெரிக்க நிறுவனம் தரும் குழுக் காப்பீட்டிலும் இதே விலக்கு இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் எதற்கும் உதவாது.

மேலூர் மெல்பர்ன்:

பெருங்குடி ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஊருக்கு எடுத்துப் போகப் போவதில்லை என்றால், முழு பி.பி.எல். எதற்கு என்ற கேள்வியையும் நண்பர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மேலூரில் பிறந்து, திருமணத்துக்குப் பின் மெல்பர்னுக்கு வந்தவள். இங்கே பொழுதுபோக்கு விமானி உரிமம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. குறைந்தபட்சம் 25 மணி நேரப் பறப்பு, அதில் 5 மணி நேரம் தனியாக. 1,500 கிலோவுக்கு மேற்படாத ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பகலில் ஓட்டலாம், ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில், கிளம்பிய இடத்திலிருந்து 25 கடல் மைல் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும், வழிகாணல் பயிற்சியையும் முடித்துவிட்டால் அந்த எல்லை நீங்கிவிடும். வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு. உரிமம் கையில் வருவதற்கு முன் பாதுகாப்பு அடையாளச் சரிபார்ப்பு எல்லோருக்கும் உண்டு. மூராபின் விமான நிலையத்தில் நான் கற்றபோது ஓட்டுவதைவிட வானொலியில் பேசுவதுதான் கடினமாக இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் பேசும் வேகமும் என் உச்சரிப்பும் ஒத்துப்போக நாளாயிற்று. காரில் போகும்போதெல்லாம் கோபுரத்தின் உரையாடல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே போவது உதவியது. திருநகர் நண்பர் இதை மதுரையில் இருக்கும்போதே தொடங்கிவிடலாம்.

அமெரிக்காவிலும் 'ஸ்போர்ட் பைலட்' என்ற சிறிய உரிமம் 20 மணி நேரக் குறைந்தபட்சத்தோடு இருக்கிறது. மகிழ்ச்சிக்காக மட்டும் என்றால் அதுவே போதாதா?

பிளேனோ உசிலைக்காரன்:

மெல்பர்ன் சகோதரி கேட்பது நியாயமான கேள்வி. 2025 அக்டோபரில் விதிகளைத் தளர்த்திய பின் ஸ்போர்ட் பைலட் உரிமத்தில் ஓட்டக்கூடிய விமானங்களின் வகையும் நன்றாகக் கூடிவிட்டது. பெரிய மருத்துவச் சான்று தேவையில்லை, கார் ஓட்டுநர் உரிமமே போதும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் ஒருவரை மட்டுமே உடன் ஏற்றலாம். பன்னாட்டு அளவில் அதற்கு ஏற்பு இல்லாததால் டி.ஜி.சி.ஏ.விடம் கொண்டுபோய் மாற்றவும் முடியாது. திருநகர் நண்பர் பெற்றோர் இருவரையும் ஒன்றாக ஏற்ற விரும்புகிறார், என்றாவது ஒருநாள் இந்திய உரிமத்துக்கான கதவையும் அடைக்காமல் வைத்திருக்க விரும்புகிறார் என்றால் பி.பி.எல்.தான் சரி என்பது என் கருத்து.

திருநகர் வாசகன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. பெருங்குடி ஐயாவின் பதில் மனத்துக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தாலும், பணம் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. பெற்றோர் எப்படியும் எங்களைப் பார்க்க டல்லாஸ் வருவார்கள். மதுரையில் முடியாததை அங்கேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, தினமும் ஒரு மாத்திரை எடுக்கிறேன். மருத்துவச் சான்று கிடைக்குமா? சார்பு விசாவில் வரும் என் மனைவியும் கற்க விரும்புகிறார். அவருக்கு அனுமதி உண்டா?

பிளேனோ உசிலைக்காரன்:

மனைவி தாராளமாகக் கற்கலாம். ஹெச்-4 விசாவில் படிப்பதற்குத் தடை இல்லை, டி.எஸ்.ஏ. சரிபார்ப்பை மட்டும் அவர் தம் பெயரில் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் வார நாட்களில் விமானம் எளிதாகக் கிடைக்கும், சனி ஞாயிறுகளில் அடிதடிதான். ஆகவே உங்களுக்கு முன்னால் அவர் உரிமம் வாங்கிவிடும் வாய்ப்பே அதிகம்.

இரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் தடை இல்லை. சோதனையின்போது 155-க்கு 95-ஐத் தாண்டக் கூடாது. மருத்துவரிடமிருந்து அண்மைக்கால அளவுகளையும் மருந்துச் சீட்டையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனி அனுமதி நடைமுறை இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அரசுப் படிவத்தில் பொய் சொல்வது அங்கே குற்றம், வேலை விசாவில் இருப்பவருக்கு அது உரிமத்தோடு நிற்காது.

உங்கள் வயது 39 என்று எழுதியிருக்கிறீர்கள், இது முக்கியம். அங்கே பி.பி.எல்.லுக்குத் தேவையான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று, சோதனை நடந்த நாளில் 40 வயது நிறையாதவருக்கு 60 மாதங்களும் நிறைந்தவருக்கு 24 மாதங்களும் செல்லும். டல்லாஸ் வந்து இறங்கியதும், பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, நாற்பதாவது பிறந்தநாளுக்கு முன் அந்தச் சோதனையை முடித்துவிட்டால் மூன்று ஆண்டுகள் மிச்சம். சான்று கிடைக்குமா கிடைக்காதா என்பதும் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பெற்றோரை அழைத்துச் செல்வது பற்றி. பயணியாக வருபவருக்கு டி.எஸ்.ஏ. ஒப்புதலோ தனி விசாவோ தேவையில்லை. கடைசி 90 நாட்களுக்குள் நீங்கள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. செஸ்னா 172-இல் நான்கு இருக்கைகள் இருந்தாலும், தொட்டிகளை முழுதும் நிரப்பினால் பெரியவர்கள் நால்வரை ஏற்ற முடியாது. எடைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து எரிபொருளைக் குறைக்க வேண்டும். டெக்சாஸ் வெயில் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல. காற்றின் அடர்த்தி குறைந்து, விமானம் தரையை விட்டு எழும்ப நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும், ஏறுவதும் மந்தமாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 459 அடி உயரத்தில் இருக்கும் மதுரை நிலையத்தையே எடுத்துக்கொண்டால், 38 பாகை வெப்பத்தில் விமானம் ஏறத்தாழ 3,300 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். ஆகவே பெற்றோரை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரச் சொல்லுங்கள், பறப்பதற்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மெக்சிகோ, பஹாமாஸ் பக்கம் எல்லை தாண்டும் யோசனை மட்டும் வேண்டாம். சுங்கத் துறைக்கு விமானத்தில் இருப்போரின் மின்னணுப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், திரும்பி நுழையும்போது விமானத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் நுழைவுக்கான செல்லுபடியாகும் ஆவணங்கள் இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியான நிலையில் வேலை நீட்டிப்பில் இருப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்ள நேரலாம்.

பெருங்குடி ஓய்வாளர்:

தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊர் திரும்பும் கட்டத்துக்கான இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

எஃப்.ஏ.ஏ. உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 2025 முதல், அமெரிக்காவில் முகவரி இல்லாமல் வெளிநாட்டு முகவரி மட்டும் வைத்திருக்கும் உரிமதாரர்கள், தங்கள் சார்பில் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள அங்கே ஒரு முகவரைப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் உரிமத்தைப் பயன்படுத்த முடியாது. முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் உண்டு. அமெரிக்காவிலேயே தங்கப்போகும் நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் கிளம்பும் முன் இதற்குச் சம்மதிக்க வைத்துவிடுங்கள். விடுமுறைக்குப் போகும்போது பயிற்றுநர் ஒருவரிடம் பறப்பு மீளாய்வை முடித்து, மருத்துவச் சான்றும் நடப்பில் இருந்தால் மீண்டும் அங்கே ஓட்டலாம்.

இரண்டாவது, பறப்புப் பதிவேடு. கைப்பேசிச் செயலியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தாள் பதிவேட்டிலும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் சரிபார்த்துக் கையொப்பமிடுங்கள். பயிற்சிப் பள்ளி உங்கள் மொத்த மணி நேரங்களைச் சான்றளிக்கும் கடிதம் ஒன்றை, பள்ளியின் பெயர்த்தாளில், முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி பின்னால் மூடப்பட்டுவிட்டால் அந்தக் கடிதத்தை, டி.ஜி.சி.ஏ. இருக்கும் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.